மிளகாய்க்கு ஒரு தனி வீடு

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று இருமினால் போதும், யாரென்று தெரிந்துவிடும். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் வியாபாரம். கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில்தான் மூட்டைகளும் நாங்களும். நான் தவழ்ந்ததே அந்த நெடியில்தான். தும்மல், கொட்டாவி மாதிரி இருமலும் எல்லோருக்கும் உள்ளது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனது மட்டுமா, எஸ்.எஸ்.எல்.சி.யும் பாஸ். டீச்சர் டிரெயினிங்கில் இடமும் கிடைத்துவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போடாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

மலையாளி டாக்டர் என் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மோளே, பீடி வலிக்குமோ?" நான் பீடி பிடிப்பேனா என்று கேட்கிறார்!

கூட வந்த அப்பா துள்ளி எழுந்தார். "என்ன சாரே இப்படிக் கேக்கீய! எம் மவ வெத்தலகூடப் போட மாட்டா!" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

காசமோ என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. அதன் பிறகுதான் டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். மூட்டைகளைச் சொன்னேன்.

"நெஞ்சு வளர்ற வயசில உள்ளே கேறின தூசி. இந்த இழுப்பு கிழவியானாலும் கூட வரும். அதிகமாகாம பார்க்கலாம், அவ்வளவுதான். படுக்கிற அறையில மிளகாய் இருந்தா நான் கையெழுத்திட மாட்டேன்."

"நாங்க அத்தன பேரும் அங்கதான் சாரே படுக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"அப்படியா? அண்ணாச்சி அந்த மாடிப்படி ஒண்ணு ஏறிக் காட்டும், பார்ப்போம்."

அப்பா படிக்கட்டைப் பார்த்தார். ஏறவில்லை.

"மூட்டைக்கு வேற இடம் பாருங்கப்பா. தம்பியும் அங்கதான தவழுதான்" என்றேன்.

"மிளகாய்க்கு வீடு எடுக்கவா? ஊரு சிரிக்கும்ளா!"

"சிரிக்கட்டும். அவங்களாவது இருமாம சிரிப்பாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார்.

அந்த வாரமே அடுத்த சந்தில் ஒரு கொட்டகைக்கு மூட்டைகள் குடிபோயின, கையெழுத்தும் கிடைத்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எம் மவ டீச்சருக்குப் படிக்கா, அதான் மொளகாய்க்குத் தனி வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சராகிப் பல வருஷமாகியும் இழுப்பு கூடவே இருக்கிறது, டாக்டர் சொன்னது சரிதான். மழைக்காலமானால் பள்ளிக்கூடம் போகும் மேட்டில் பாதியில் நின்றுவிடுகிறேன். என்னைத் தாண்டி ஏறும் பிள்ளைகள், "நமஸ்காரம் டீச்சரே" என்பார்கள். கையை மட்டும் உயர்த்துவேன். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே!