அழிக்க அழிக்கப் பெருத்த இண்டெக்ஸ்

முப்பதாண்டுகள் சர்வர்களைப் பராமரித்து ஓய்வுபெற்றவன் நான். கொல்லிமலை மிளகு விவசாயிகள் சங்கம் தன் தேடல் சர்வரை என்னிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை. யாரிடம் மிளகு இருக்கிறதென்று வியாபாரிகள் அதில்தான் தேடுவார்கள்.

அறுவடைக் காலத்தில் அதன் இண்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, டிஸ்க்கை நிரப்பத் தொடங்கியது. நிரம்பினால் தேடல் நின்றுவிடும். மிளகு வாங்க ஆள் வராது. செயலாளர் பழனியம்மாள் பழைய பதிவுகளை அழித்தார். அளவு குறையவில்லை, ஏறியது.

"ஏனுங்க சார், அள்ள அள்ளப் பானை நெறையுதுங்களே! பேய் கீய் பூந்திருச்சுங்களா?"

"பேய்க்கு மெளகு எதுக்குங்கம்மா?" என்றேன்.

சோளக்காட்டுச் சந்தைக்கு வியாபாரிகளோடு பேருந்து வரும்போதெல்லாம் விவசாயிகள் விலையை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் புதிய பதிவாகச் சேர்ந்தது. பழையதையும் பழனியம்மாள் அழித்தவற்றையும் அழிந்தவையென்று குறித்துக்கொண்ட சர்வர், அவற்றை வெளியேற்றவில்லை. இண்டெக்ஸின் சிறு சிறு கோப்புகளை ஒன்றிணைத்துப் புதிதாக எழுதும்போதுதான் வெளியேற்றும். அப்படி எழுத டிஸ்க்கில் இடமில்லை.

"எல்லாத்தயும் தொடச்சுட்டு மறுபடி ஏத்திரலாமுங்க" என்றார் பழனியம்மாள்.

"அதுவரைக்கும் திண்ணனூர் வெவசாயிங்க மெளக யாருகிட்ட விப்பாங்க?"

கூடுதல் டிஸ்க் ஒன்றை இணைத்து, கோப்புகளை ஒன்றிணைத்தேன். அழிந்தவையென்று குறித்தவை வெளியேற, அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. அழித்தாலே போய்விடும் என்று நானும் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு, அன்றுமுதல் சொல்வதில்லை.

பழைய பதிவுகளை அழித்து நான் சர்வரைக் காப்பாற்றியதாகச் சங்கத்தார் கூறுகிறார்கள். அது தவறு. நான் ஒரு பதிவையும் அழிக்கவில்லை.