துலக்கிய கப்பல்காரன்

"இதுல நல்லா தெரியுதா, இல்ல முந்தினதுலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் கைபேசியைப் பார்க்கிறார் கண்ணாடிக்காரர். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் கனமான சோதனை ஃபிரேம். அதில் ஒரு கண்ணுக்குத்தான் லென்ஸ் போட்டிருக்கிறது. லென்ஸ் பெட்டியின்மேல் சாய்த்து வைத்த கைபேசியில் ஏலம் முடிய இன்னும் நாற்பது நொடி.

"சார், இன்னொரு கண்ணு?"

"போடலாம், போடலாம். உங்க கண்ணு எங்கயும் ஓடிடாது. இது ஓடிடும்."

கடைசி எட்டாவது நொடி வரும்வரை விரல் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரே தட்டு. முன்னாலேயே கேட்டால் எதிராளி சுதாரித்துக்கொண்டு விலையை ஏற்றிவிடுவான் என்பது அவர் அனுபவம். ஏலம் விழுந்ததும் ஒன்றுமே நடக்காதவர்போல இரண்டாவது லென்ஸைச் செருகி, "கடைசி வரி படிங்க" என்பார். கடையில் பில் போடும் அம்மாள் தலையைத் தூக்காமலே, "இன்னைக்கு எந்த உருப்படாததை எடுத்தீங்க?" என்று கேட்பார். இருபது வருடமாக அங்கே இருப்பவர். முதலாளியைக் கேலி செய்யும் உரிமை அவருக்கு உண்டு.

உருப்படாதது என்று அவர் சொல்வதில் தப்பில்லை. பழைய நாணயம் சேர்க்கிறவர்களுக்கு முதல் பாடமே, எதையும் துலக்காதே என்பதுதான். வெள்ளியின்மேல் வருடக்கணக்கில் படிந்த கருமைதான் நாணயத்தின் வயது. அழுக்கு என்று நினைத்து யாராவது தேய்த்துப் பளபளக்க வைத்தால், அதன் மதிப்பு அன்றோடு சரி. அப்படித் தேய்த்துக் கெடுத்ததை ஏலத்தில் போட்டால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. கண்ணாடிக்காரர் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத்தான் தேடுகிறார். அதிலும் ஒரே வகை: ஒரு பக்கம் மூன்று பாய்மரம் உள்ள ஒரு கப்பல், மறுபக்கம் இரட்டை நாடி ராஜா.

ஏலப் பக்கத்தில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நாலுகண்'. நாணயக்காரர்கள் வட்டாரத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது, "நாலுகண்ணுக்கு என்ன ஆச்சு, குப்பை பொறுக்குறாரு?" என்று அங்கேயே எழுதுகிறார்கள். அவர் படிப்பார், பதில் எழுதமாட்டார். பார்சல் வந்ததும் நாணயத்தை விளிம்பில் பிடித்து, உருப்பெருக்கி லென்ஸை வைத்துப் பத்து நொடி பார்ப்பார். "இவன் இல்ல" என்பார். கடை மேசையின் அடி அறைக்குள் அது போய்விடும். அங்கே இப்படிப் பத்தொன்பது கப்பல்கள் பளபளவென்று கிடக்கின்றன.

அவர் தேடுகிற கப்பல் முன்பு அவருடையதாகவே இருந்தது.

அந்த நாளில் நாணயம் சேர்ப்பது அவர் ஒருவருடைய வேலையாக இல்லை. பார்சல் வந்தால் மனைவி சமையலறையிலிருந்தே, "இன்னைக்கு யாரு வந்திருக்கா?" என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். வந்தவனுக்குப் பெயர் வைப்பது அவள் பொறுப்பு. தொப்பை ராஜா, மூக்கன், சண்டைக்காரி, கப்பல்காரன். எந்த நாடு, எந்த வருடம் என்பதெல்லாம் அவள் தலையில் ஏறியதில்லை. ஆனால் நூறு நாணயத்தைக் கொட்டிவைத்து மூக்கனை எடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்திருக்கிறாள். கப்பல்காரன் கன்னங்கரேலென்று கிடந்தான். அவர் கடைக்குப் போனதும் பற்பசையும் பழைய துணியுமாக உட்கார்ந்து, மத்தியானம் முழுக்கத் தேய்த்து, நகமெல்லாம் கறுத்துப்போய், வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டாள்.

மாலையில் அவள் தங்கை குடும்பம் வந்திருந்தது. எல்லோர் முன்னாலும் சின்னப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். அவள் முகத்தில் அப்போதிருந்த சிரிப்பு அவருக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. மறக்க முடிந்தால் கொஞ்சம் தூங்கலாம் என்பார்.

"அறிவிருக்கா உனக்கு? குரங்கு கையில பூமாலையைக் குடுத்த மாதிரி ஆயிடுச்சே! இதோட மேல்புறத்துல விரல்கூடப் படக் கூடாது, தெரியுமா? விளிம்பைப் பிடிக்கணும், விளிம்பை! இப்படி!" என்று அவள் கையை இழுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாணயத்தின் ஓரத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல இரண்டு முறை. தங்கை புருஷன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஊரார் கண்ணாடியை எல்லாம் நாள் பூரா துடைக்கிறீங்க. நான் ஒண்ணைத் துடைச்சது குத்தமாயிடுச்சு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். கெட்டது இனி வீட்டில் இருக்கக் கூடாது என்று மறுநாளே அதை ஏலத்தில் போட்டார். 'விவரம் தெரியாதவர் கை பட்டுக் கெட்டது' என்று குறிப்பு எழுதினார். எழுதி முடித்துத் திரும்பினால், தேநீரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்றால், கேட்டார். ஒரு வாரம் கழித்து, "ஏதோ கோவத்துல..." என்று ஆரம்பித்தார். "அட, விடுங்க. நான்தான் தெரியாம பண்ணிட்டேன்" என்று அவள் முடித்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வீட்டில் வேறு எதுவும் மாறவில்லை. அதே சமையல், அதே பேச்சு, அவர் குறட்டையைப் பற்றி அதே கேலி. நாணய அலமாரிப் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை. வீடு முழுக்கத் தூசி தட்டுகிறவள், அந்த அலமாரிக்கு ஒரு சாண் முன்னாலேயே துணியை மடித்துவிடுவாள். பார்சல் வந்தால் மேசையில் வைத்து, "உங்களுக்குத் தபால்" என்பாள். யாரு வந்திருக்கா என்று கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

முதல் வருடம் வீம்பில் போனது. அப்புறம்தான் இந்தத் தேடல். விற்ற நாணயம் நாலு கை மாறி எங்கோ போய்விட்டிருந்தது. அது திரும்பி வந்தால் அவளும் அந்த மேசைக்குத் திரும்பி வருவாள் என்று எப்படியோ அவர் மனதில் விழுந்துவிட்டது. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதுவும் கண்ணாடிக் கடைக்காரன் பண்றேன்" என்று தன்னைத்தானே நையாண்டி செய்துகொள்வார். அடையாளம் அவருக்குத் தெரியும். கப்பலின் பின்புறம் விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல். அதைவிட முக்கியமானது, தேய்த்த கீறல். அவள் இடக்கைக்காரி. மற்றவர்கள் தேய்த்த கீறல்கள் ஒரு பக்கமாக வளைந்தால், அவள் கீறல்கள் எதிர்ப்பக்கம் வளையும். லென்ஸில் தலைமுடிக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தப்பாது.

போன மாதம் ஒரு காலையில் அந்த நசுங்கல் படத்தில் தெரிந்தது. கீழே குறிப்பைப் படித்தார். 'விவரம் தெரியாதவர் கை பட்டுக் கெட்டது.' விற்கிறவன் பழைய குறிப்பையே எடுத்து ஒட்டியிருந்தான். தான் எழுதியதைத் தானே படித்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று ஏலத்தில் இன்னொருவன் விடாமல் ஏற்றினான். நாலுகண் கேட்கிறார் என்றால் குப்பையில் குண்டுமணி இருக்கும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. இவர் எட்டு நொடியெல்லாம் பார்க்கவில்லை. முதல் நிமிடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஏலம் இவர் பெயருக்கு விழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன, இவன்தானா?" என்று எழுந்து வந்தார் பில் அம்மாள். இவர் தலையை ஆட்டினார்.

பார்சல் கடைக்கு வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். கீறல்கள் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. அன்று மத்தியானமே கடையைப் பில் அம்மாளிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

நாணயத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். உறையில்லை, அடியில் துணியில்லை, வெறும் மரப்பலகைமேல். "யாரு வந்திருக்கா பாரு" என்று அவரே கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். "அட! நம்ம கப்பல்காரன். இவன் எப்படிங்க திரும்பி வந்தான்?"

"நான்தான் தேடினேன். பத்து வருஷமா."

"எதுக்கு?"

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. எல்லாரையும் வச்சுக்கிட்டுப் பேசினேன். அப்புறம் அதை எழுதி வேற வச்சேன்."

"அதையா இன்னும் வச்சுக்கிட்டிருக்கீங்க? நான் எப்பவோ விட்டுட்டேங்க" என்று சிரித்தாள். பொய்ச் சிரிப்பு இல்லை. அவளுக்குப் பொய்யாகச் சிரிக்க வராது.

அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. "எடுத்துப் பாரேன். உன் நாணயம். நல்லா கையில வச்சுப் பாரு."

"இருங்க" என்று போனாள். குழாயில் கை கழுவும் சத்தம் கேட்டது. துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கைக்குட்டை ஒன்றை எடுத்து நான்காக மடித்து மேசையில் விரித்தாள். பிறகு இடக்கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விளிம்பில் மட்டும் வைத்து, கப்பலின்மேலும் ராஜாவின்மேலும் விரல் படாமல் நாணயத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, சத்தமில்லாமல் கைக்குட்டையின்மேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள்.