சுருதியை இறக்கியது யார்

எங்கள் குடும்பப் பாட்டுக் குழுவில் சுருதிக்குப் பொறுப்பு நான்தான். எனக்குப் பாட வரும் என்பதற்காக அந்தப் பொறுப்பு வரவில்லை. நாலாம் ஆண்டு இசைப் பாடத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் வாங்கச் சொன்ன ரெக்கார்டர் என்னும் பிளாஸ்டிக் ஊதுகுழல் என்னிடம் இருந்தது. வீட்டில் வேறு வாத்தியம் எதுவும் கிடையாது.

முன்பு மாமாவுக்கு ஒரு பேண்டு இருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், ஈப்போவில் பஸ் பட்டறையில் வேலை. கல்யாண வீடுகளில் பழைய சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். கீபோர்டுக்காரர் கல்யாணம் கட்டிக்கொண்டு ஜொகூருக்குப் போனார். அவர் பின்னாலேயே டிரம்ஸும் போய்விட்டது. மாமா சில மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் டிவியில், வாத்தியமே இல்லாமல் எல்லாவற்றையும் வாயாலேயே பாடும் ஒரு வெள்ளைக்காரக் குழுவைப் பார்த்தார். "வாய் இருக்கு, கீபோர்டு எதுக்கு லா?" என்று எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

அப்படி நான்கு பேர் சேர்ந்தார்கள். மாமா அடித்தொண்டையில் 'தும் தும்' என்று கிட்டார் ஆனார். நான் தபேலா அங்கிள் என்று கூப்பிடும் அவருடைய கூட்டாளி, நாக்காலும் உதட்டாலும் தபேலா வாசித்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மாதான் பாட்டை எடுத்துப் பாடுவார். அம்மா வயலின். சனிக்கிழமை மத்தியானங்களில், ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தில் பயிற்சி நடக்கும். முதல் நாள் அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி வேலியருகில் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய காதல் பாட்டு. தொடங்கும் முன் நான் ரெக்கார்டரில் ஒரு சத்தம் ஊதுவேன். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். முடிந்ததும் மாமா கண்ணைக் காட்டுவார், நான் அதே சத்தத்தை மறுபடி ஊதுவேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அரை ஸ்வரம் இறங்கியிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் பாடும்போது யாருக்கும் தெரியாது, கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கும். நான் ஊதும் அந்தக் கடைசிச் சத்தத்தில்தான் நான்கு முகமும் தொங்கிப்போகும். அதை ஊதவே எனக்குப் பிடிக்காது. குற்றம் ரெக்கார்டருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கூடப் பார்த்தேன்.

எனக்கு அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பயம். அதில் பெரிய பயம் அம்மாவுக்கு என்மேல் கோபம் என்பது. அம்மா கையுறை செய்யும் கம்பெனியில், மெஷின் ஓடும் கூடத்தில் பல வருடமாக வேலை செய்தார். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். நான் மூன்று முறை கூப்பிட்டால்தான் ஒருமுறை திரும்புவார். திரும்பாத இரண்டு முறைக்கும் நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்து, செய்யாத தப்புகளையெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் அம்மா வேறு ஆள். வயலின் பாடும்போது ஒரு கையை வில்போல இழுத்துக்கொள்வார். தபேலா அங்கிள் எச்சில் தெறிக்க வாசித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சித்தியவானில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். பழைய பாட்டைப் புது விதமாகப் பாட வேண்டும். இரண்டு வாரம் இருக்கும்போது மாமா பொறுமை இழந்தார். "யாரு சுருதிய இறக்குறாங்கன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சிருவோம். அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். கம்பார்ல ஒரு பொண்ணு இருக்கு, நல்லா பாடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எஞ்சினையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி வேறு மாட்டினால் வண்டி ஓடும்.

நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் திரும்பி நின்று பாட வேண்டும். நான் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய்க் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "பாப்பா காது பொய் சொல்லாது லா" என்று மாமா என் தலையைத் தடவினார்.

முதல் சரணம்வரை ஒன்றுமில்லை. இரண்டாவதில் அம்மாவின் பின்னால் நின்றேன். அங்கேதான் கேட்டது. அம்மாவின் வயலின் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது. நடக்க முடியாதவருக்காகக் கூட வருகிறவர்கள் நடையைக் குறைப்பதுபோல, மற்ற மூன்று பேரும் தங்களுக்கே தெரியாமல் இறங்கி வந்து அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கம்பார் பெண் வந்துவிட்டால் அம்மாவுக்குச் சனிக்கிழமை இல்லை. அப்புறம் ஏழு நாளும் கம்பெனி அம்மாதான்.

பாட்டு முடிந்தது. "யாரு?" என்றார் மாமா.

"சின்னம்மா" என்றேன்.

ஏன் அவர் பெயரைச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. ஏற விடுகிற மாட்டில்தானே ஏறுவார்கள்.

சின்னம்மா சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது சின்னம்மா என்னைப் பொய்க்காரி என்பார், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று ரெக்கார்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஆமாண்ணே. எனக்கே தெரிஞ்சிச்சு" என்றார் சின்னம்மா. "நான் அக்கா பக்கத்துல நின்னு பாடிப் பாக்குறேன். அப்பவும் சரியா வரலன்னா அந்தப் பொண்ணையே கூப்புடுங்க."

அப்போதே வந்து அம்மாவின் வலது பக்கம் ஒட்டி நின்றுகொண்டார். அம்மாவின் காதோடு வாய் வைக்காத குறையாகப் பாடினார். முடிந்ததும் நான் ஊதினேன். சுருதி ஒரு இம்மிகூட நகரவில்லை. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். "பாத்தியா, அக்கா பக்கத்துல நின்னதும் தங்கச்சி சரியாயிருச்சு!"

எனக்குத் தலை சுற்றியது, மாமா சுற்றியதால் மட்டும் அல்ல. பொய் சொன்னவள் நான், ஆனால் அந்தப் பொய் பலித்துவிட்டது. உண்மையிலேயே சின்னம்மாதான் இறக்கினாரோ, நான் கேட்டதுதான் தப்போ என்று இரண்டு வாரம் எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். சின்னம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ எப்போதும்போல எனக்குத் தலை பின்னிவிட்டார்.

போட்டி அன்று காலை மண்டபத்தில் நான்கு மைக்குகளை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருந்தார்கள். சின்னம்மா தன் மைக்கைக் கம்போடு தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் வலது பக்கம் வைத்தார். மேடையைக் கவனித்த ஆள் தடுத்தார். "அக்கா பக்கத்துல நின்னாதாண்ணே எனக்குச் சுருதி நிக்கும்" என்றார் சின்னம்மா. மைக் திறந்திருந்தது. மண்டபமே சிரித்தது. சின்னம்மாவும் சிரித்தார். நான் முதல் வரிசையில் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் மூச்சைப் பிடித்தேன். பாட்டு முடிந்ததும் ஒரு நடுவர் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இறங்கவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆடிக்கொண்டே பாடிய பிள்ளைகளுக்கு முதல் பரிசு. மாமாவுக்கு அதில் மனக்குறை இருந்தாலும், எல்லாம் பாப்பாவின் காதால் வந்தது என்று எனக்குப் பெரிய கிண்ணத்தில், துருவிய ஐஸின்மேல் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பாதிக்குமேல் எனக்கு இறங்கவில்லை.

திரும்பும்போது மாமா வேனை ஓட்டினார். பக்கத்தில் தபேலா அங்கிள் தூங்கினார். நடு வரிசையில் அம்மா வலது ஜன்னலோரம், அவருக்கு இந்தப் பக்கம் நான். பின்னால் சின்னம்மா. ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தபடி வயலினை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் என் பொய்யின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா" என்று ரகசியமாகச் சொன்னேன். "சுருதிய இறக்குனது சின்னம்மா இல்ல. நீங்கதான். நான் பொய் சொல்லிட்டேன்."

அம்மா திரும்பவில்லை. முணுமுணுப்பும் நிற்கவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு அடி, ஒரு திட்டு, ஒரு பார்வை, எதுவாக இருந்தாலும் சரி. ஒன்றும் வரவில்லை. இனிமேல் அம்மா என்னை மன்னிக்கவே மாட்டார் என்று முடிவு செய்து, சத்தம் வராமல் அழுதேன். பின்னாலிருந்து சின்னம்மாவின் கை நீண்டு என் தலைமேல் அமர்ந்தது. "பேசாம தூங்கு" என்றார்.

நாலைந்து வருடம் கழித்துக் கம்பெனியில் எல்லோருக்கும் காது பரிசோதித்தார்கள். அம்மாவுக்கு இடது காது அனேகமாகப் போய்விட்டது, போய் வெகுநாள் ஆகியிருக்கும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் அதிர்ந்துபோனோம், சின்னம்மாவைத் தவிர. முன்பே தெரிந்துதான் பழியை ஏற்றுக்கொண்டீர்களா என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். "அக்காவுக்குச் சனிக்கெழமையும் இல்லன்னா என்னா செய்யும்?" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் தீபாவளிக்குச் சின்னம்மா வந்தால், சுருதி இறக்குற ஆளு வந்தாச்சு என்று மாமா கேலி செய்வார். சின்னம்மா சிரித்துக்கொண்டே வந்து அம்மாவின் வலது பக்கம் உட்காருவார்.

அன்று வேனில் எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை என்றுதான் வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்தது அம்மாவின் இடது பக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.