ஆல்கஹால் இல்லாத பீர்

கல்லீரல் கெட்டுப்போன பிறகு என் வீட்டுக்காரர் குடியை அடியோடு விட்டுவிட்டார். ஆனாலும் பீரின் கசப்புக்கு மட்டும் நாக்கு ஏங்குகிறது என்பார். டாக்டரிடம் கேட்டேன். ஆல்கஹால் துளியும் இல்லாததென்றால் ஒன்று குடிக்கட்டும் என்றார். கேளம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அப்படியொரு கேனை வாங்கிக்கொண்டு, அவரை ஆட்டோவில் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

டம்ளரில் ஊற்றி, மோந்து பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

“எப்டி கீது?” என்றேன்.

“நுர நல்லா கீது. கசப்பும் கீது. முழுங்கினா ஒண்ணுமேயில்ல, கஞ்சித்தண்ணி. நீ குட்ச்சுப் பாரு.”

வாழ்நாளில் முதல்முறையாக பீரை ருசி பார்த்தேன். “பாவக்கா வேக வெச்ச தண்ணி” என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுக்காடி உன்ன அத்தினி வருசம் அழ வெச்சேன்?”

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் குந்திகினு இருக்கலாம்” என்று என் தோளில் சாய்ந்துகொண்டார். குடித்த வாடையில்லாமல் அவர் என்னிடம் அத்தனை நெருங்கி உட்கார்ந்தது, கல்யாணமான புதிதுக்குப் பிறகு அன்றுதான். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.