எய்னர் உரித்தெடுத்த ஒட்டுத்தாள்

மெக்கானிக் எய்னர் ஒரு காரின் இன்ஜினில் டைமிங் பெல்ட் மாற்றினால் கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவார். பம்பைச் சுழற்றுவதும் அந்த பெல்ட்தான். பழைய பம்ப் இறுகிவிட்டால் புது பெல்ட்டும் அறுந்துபோகும், அதோடு இன்ஜினும் போய்விடும். வேலை முடிந்ததும் மாற்றியதையெல்லாம் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதி, பானெட்டுக்கு அடியில் ஒட்டுவார்.

லெம்விக் என்ற சிறு நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் அவருடைய பட்டறை. காலை ஒன்பது மணிக்கு நாலைந்து பேர் ரொட்டி வாங்கிக்கொண்டு காப்பிக்கு வந்துவிடுவார்கள். தனியாள் அவர், அந்த அரை மணி நேரம்தான் அவருக்குக் குடும்பம்.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் கிர்ஸ்டனுக்கு என் காரைக் கொடுத்தேன். அதற்கு முன் பெல்ட் மாற்ற எய்னரிடம் விட்டேன். பெல்ட் வந்தது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வந்தது, பம்ப் மட்டும் வரவில்லை.

"நாளைக்கு வந்துடும். ஒரு நாள் இரு, ரிக்கே."

"நாளைக்கு நான் லிஸ்பன்ல இருக்கணும்."

"லிஸ்பன் எங்கயும் ஓடிப் போயிடாது."

"நான் ஓடணுமே. பழைய பம்பே இருக்கட்டும் எய்னர்."

அவர் கழுத்தைச் சொறிந்தார். "சரி. அடுத்த வாரம் கிர்ஸ்டன வரச் சொல்லு. மறுபடி பிரிச்சு மாட்டித் தர்றேன். மறந்துடாத."

ரயில் நிலையத்தில் கிர்ஸ்டனிடம் சாவியைக் கொடுத்தேன், கட்டிக்கொண்டேன், ரயில் ஏறினேன். பம்ப் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

இந்த இலையுதிர்காலத்தில்தான் திரும்பி வந்தேன். எய்னர் எப்படி இருக்கிறார் என்று கிர்ஸ்டனைக் கேட்டேன்.

"உன் காரைக் கொன்ன ஆளு அவருதான். ஒன்றரை வருஷத்துல பெல்ட் அறுந்துச்சு. ஊசி போட ஒருத்தர் காத்துட்டிருக்காரு, நான் மழையில கடலோர ரோட்டுல நிக்கிறேன். சும்மா விடுவேனா? பார்த்தவங்ககிட்டல்லாம் சொன்னேன்."

நேரே பட்டறைக்குப் போனேன். காரைத் தூக்கும் லிஃப்ட் இருந்த இடம் காலியாக இருந்தது. வேலைக்கு ஆள் வராததால் இப்போது டயர் மட்டும் மாற்றுகிறாராம்.

"அந்த ஒட்டுத்தாள் என்ன ஆச்சு எய்னர்?"

இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார். 'பம்ப் பழையது. அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.' செத்த காரை இழுத்து வந்த அன்றே உரித்து வைத்திருக்கிறார்.

"இதைக் காட்டியிருக்கலாமே."

"காட்டினா உன்னைத் தப்பாப் பேசுவாங்க. பதில் சொல்ல நீ இங்க இல்லையே." இழுப்பறையை மூடிக்கொண்டே சொன்னார்: "கிர்ஸ்டன் வரலைன்னதும் நான் ஒரு ஃபோன் போட்டிருக்கணும். வேலை கேட்டுப் போடற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்."

எங்கள் பக்கத்தில் எந்த மெக்கானிக்கும் அப்படி ஃபோன் போடமாட்டார்.

அன்று மாலை ஒட்டுத்தாளைக் கிர்ஸ்டன் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரொட்டிப் பையோடு என்னையும் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் தன் இப்போதைய காரை நிறுத்தினாள்.

"தப்பாப் பேசிட்டேன் எய்னர். இதுக்கு பெல்ட் மாத்தணும். பம்ப்போட."

அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக மூடினார்.

"நல்ல இன்ஜின். டவுனுக்குக் கொண்டு போ. பெல்ட்டை நான் இப்ப தொடறதில்ல." ரொட்டிப் பையைப் பார்த்தார். "காப்பி குடிச்சிட்டுப் போங்க."

பட்டறையில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. எங்கள் இருவருக்கும் அவர் ஜாம் பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தார்.