ரெஜினா டீச்சரின் காலண்டர் அட்டை

ரெஜினா டீச்சர் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை முன்னாள் ஆசிரியர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் தேநீரை ஆற்றுவதற்குள் பூக்களும் கூப்பிய கைகளும் குவிந்துவிட்டன. “அன்பே உருவானவர்” என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஹாங் தமிழ்ப்பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காவது உண்மை தெரியும். அவர் வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர் முகம் சுண்டிப்போகும்.

வேலைக்கு வந்த நாளிலிருந்தே முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தந்தார். நாமெல்லாம் வகுப்பையே சேர்ந்து வாசிக்கவைப்போம். சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்டால் நமக்குப் பெருமை. அவர் ஒவ்வொரு பிள்ளையாக மேசைக்கு அழைத்து, பழைய காலண்டர் அட்டை ஒன்றைப் பக்கத்தின் மேல் வைப்பார். ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்கு அதில் ஓட்டை வெட்டியிருக்கும். படம் தெரியாது, அடுத்த சொல்லும் தெரியாது. பாடம் பின்தங்குகிறதே என்று தலைமையாசிரியர் கேட்டால், “புத்தகத்த முடிச்சிடலாம் சார். பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?” என்பார்.

என் மகள் கவிதாவும் அவர் வகுப்பில்தான் இருந்தாள். பெற்றோர் தினத்தன்று அவளை மேடையேற்றினேன். பாடநூலைப் பிடித்துக்கொண்டு, பக்கம் புரட்டி, தடங்கலே இல்லாமல் வாசித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் ரெஜினா மேடையேறி, புத்தகத்தின் மேல் அந்த அட்டையை வைத்தார். பிள்ளை திருதிருவென்று விழித்தாள். ஒரு சொல்கூட வரவில்லை.

“இவ படிக்கல. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறா.”

“எல்லாரும் பாக்குறாங்க லா, ரெஜினா. இத ஸ்டாஃப் ரூம்ல சொல்லக்கூடாதா?”

“ரூம்ல மூணு வாட்டி சொல்லிட்டேன். நீங்கதான் கேக்கல.”

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் தலைக்கேறியது. அவரை முதலாம் ஆண்டிலிருந்து மாற்ற வேண்டும் என்று மறுநாளே புகார் எழுதினேன். உங்களில் சிலர் கையெழுத்துப் போட்டீர்கள். இன்று பூ அனுப்பியவர்களும் அதில் உண்டு. மேல் வகுப்புகளுக்கு உடல்நலக் கல்வி நடத்த அவரை அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை முதலாம் ஆண்டு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் கவிதா திக்கித் திக்கி எதையோ வாசிப்பது கேட்டது. “திருமதி... ரெஜினாவை... மாற்ற... வேண்டும்...” எட்டிப் பார்த்தேன். அலமாரியில் நான் வைத்திருந்த புகார்க் கடிதத்தின் நகல் அவள் முன்னால் விரிந்திருந்தது. அதன் மேல் அந்த அட்டை.

“இந்த அட்டைய யாரு குடுத்தா?”

“டீச்சர்தான். ரெஸ்ட் டைம்ல தினமும் கேண்டீன்ல அவங்ககிட்ட படிக்கிறேன்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “டீச்சர் என்னம்மா தப்பு பண்ணாங்க?”

கடிதத்தை எடுத்து மீண்டும் அலமாரியில் வைத்தேன். ரெஜினாவிடம் போய் எதுவும் பேசவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை ஊர் பார்க்கத் தலைகுனிய வைத்ததற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரும் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

குழுவில் நான் பூப் போடப்போவதில்லை. அந்த அட்டையும் அந்த நகலும் என்னிடம் இருக்கின்றன. என் மகள் முதன்முதலாகத் தானாக வாசித்தது, அவளுக்கு வாசிக்கக் கற்றுத்தந்தவரை விரட்ட நான் எழுதிய கடிதத்தை.