சிவப்புச் சீட்டு கட்டிய முகமூடி

வல்லம் வடகாலில், கார் பாகங்களை ஏற்றுமதி செய்ய மரப்பெட்டி அடிக்கும் ஒரு ஷெட்டில் நிற்கிறேன். பக்கத்தில் தோழி ஷீபா, நைஜீரிய மரமுகமூடி ஒன்றைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு போன அவளுடைய கொள்ளுத்தாத்தா, அங்கே ஒரு கிராமத்துக் கோயிலிலிருந்து தூக்கி வந்தது. இப்போது இங்கே பெட்டி அடித்து, அந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறாள். துறைமுகத்துக்குப் போகும் லாரி இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும்.

சூப்பர்வைசர் வேலு அண்ணன் பேப்பரில் 'ரிட்டர்ன்' என்று பார்த்ததுமே, முகமூடியின் காதில் சிவப்புச் சீட்டைக் கட்டுகிறார். இங்கே ரிட்டர்ன் என்றால் கழித்துக்கட்டிய சரக்கு.

"இன்னா டிஃபெக்ட்டும்மா?"

"டிஃபெக்ட்லாம் இல்லண்ணா" என்கிறாள் ஷீபா. "அவங்களோடது, திருப்பிக் குடுக்குறோம்."

"நல்லா கீற பீஸை எவனாச்சும் திருப்புவானா? காரணம் எழுதலேன்னா வாட்ச்மேன் வுடமாட்டாரு." முகமூடியை உற்றுப் பார்க்கிறார். "மூக்கு லைட்டா கோணலு. அத்த எழுதிடவா?"

"அய்யோ, அது டிசைன்ணா! அதப் படிச்சா அந்த ஊரே என்ன அடிக்கும்!"

லாரி ஹாரன் அடிக்கிறது. நான் குறுக்கே பாய்கிறேன். "அண்ணா, அவங்க இத அனுப்பவே இல்ல. இவ கொள்ளுத்தாத்தா சுட்டுகினு வந்துட்டாரு."

"கேக்காமயா?"

"கேக்காமதான்" என்கிறாள் ஷீபா, தரையைப் பார்த்தபடி.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!"

பேனாவைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதுகிறார்: 'சரக்கு ஓகே. எடுத்துவந்தவர் டிஃபெக்ட்.'

கீழே, எடுத்துவந்தவர் சார்பில் கையெழுத்து வேண்டுமாம். ஷீபா போடுகிறாள்.